பத்து கஜத்தில் நின்ற எல்க்

அன்புள்ள டார்லீனுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? உன் முட்டிவலி குறைந்ததா? மொன்டானா குளிரிலும் நான் நலம்தான். இடது மணிக்கட்டில் சின்ன வீக்கம், பயப்படாதே. என் வில்லின் நாணே என்னை அறைந்துவிட்டது.

குளிர்காலத்துக்கு எல்க் மான் இறைச்சி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேனே, சனிக்கிழமைதான் வில்வேட்டைக்குக் கடைசி நாள். தூரத்திலிருந்தே எய்ய உதவும் என் கப்பி வில்லை அறையில் வைத்துவிட்டு, மரம் அறுக்கும் மில்லில் கூட வேலை செய்யும் ஹாங்க் தந்த மரவில்லோடு போனேன். அவனும் கூட வந்தான்.

"இருபது கஜத்துக்குள்ள வந்தாத்தான் எய்யணும், வெர்ன். தூரத்துல எய்தா காயத்தோட ஓடிப்போய் எங்கயாவது கிடந்து சாகும்" என்றான். "தொந்திய அடக்கிட்டு உக்காரு."

நாற்பது கஜத்தில் ஆண் எல்க் ஒன்று வந்து நின்றது. கப்பி வில்லென்றால் அங்கேயே முடிந்திருக்கும். காத்திருந்தேன். மேய்ந்தபடியே பத்து கஜத்துக்கு வந்தது. குதிரை உயரம். இமைமுடியில் பனித்துளி. அது புல்லை மெல்லும் சத்தம் கேட்டது. தேவாலயத்தில்கூட நான் அப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை.

நாணை இழுத்து விட்டேன். நாண் என் தடித்த கோட்டின் கையில் உரசி மணிக்கட்டில் அறைந்தது. அம்பு மண்ணில் குத்தியது; எல்க் காட்டுக்குள் ஓடி மறைந்தது.

"மண்ணு செத்துப்போச்சு. தோலுரிக்க நான் வரணுமா?" என்றான் ஹாங்க். நான் அம்பைப் பிடுங்கி மண்ணைத் துடைத்தேன்.

கப்பி வில்லை விற்கப்போகிறேன், டார்லீன். இவ்வளவு பக்கத்தில் போகச் சொல்லி அது என்னைக் கேட்டதே இல்லை. இந்த வருஷம் கடையில் வாங்கும் இறைச்சிதான். அடுத்த வருஷத்துக்கும் உறுதி சொல்ல மாட்டேன்.

என் தோல் கைக்கவசத்தை அனுப்பு. மில் சங்கு ஊதிவிட்டது. திட்டுவதானால் நாலு பக்கத்துக்குக் குறையாமல் திட்டி எழுது.

உன் வெர்ன்