நீங்கள் போட்ட இரண்டு வரிசை

அக்கா,

திருவிருந்து மேசைக்கு விரிப்பு எடுக்க இன்று காலை அலமாரியைத் திறந்தேன். சின்னக் கப்புகள் அடுக்கிய தட்டு முன்னால் இருந்தது, பழைய திராட்சை ரசத்தின் புளித்த வாடையோடு. வந்த ஆத்திரத்தில் அதைக் கீழ்த்தட்டில் தள்ளினேன். ஆத்திரம் உங்கள் மேல்தான். நீங்கள் போய் ஒரு வருடமாகியும் ஆறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் மறுநாள் பாட்டும் வாசிப்பும் முடிவு செய்ய நீங்களும் நானும் உட்காருவோம். நான் போதகர், இந்தக் கொச்சி வழக்கில் 'அச்சன்'; நீங்கள் சபைச் செயலாளர், பாதி ஆயுள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். கொரோனா வந்தபோது, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டாமென்று சின்னக் கப்பு கொண்டுவந்ததே நீங்கள்தான். அதில் எனக்குக் குறை இல்லை. நோய் அடங்கி, பழையபடி பாத்திரத்துக்குத் திரும்பலாம் என்றபோதுதான் பஜாரில் மசாலாக் கடை வைத்திருக்கும் கமிட்டிக்காரர் எழுந்தார்.

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதில்லே. வேற ஒண்ணுமில்லே."

சாயக்கடையில் டீ குடிக்கும்போது யார் குடித்த கிளாஸ் என்று ஒரு நாளும் பார்க்காத மனிதர் அவர். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"ரெண்டு வரிசை போட்டுடலாம், அச்சா. கப்பு வேணும்கிறவங்க இந்தப் பக்கம், பாத்திரம் போதும்கிறவங்க அந்தப் பக்கம். வழக்கு வம்பில்லாம போகும்."

ஆகாது என்றேன். நீங்கள் கேட்கவில்லை. அடுத்த திருவிருந்தில் கடைக்கார வீடுகளெல்லாம் கப்பு வரிசை, கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் குடும்பங்களெல்லாம் பாத்திர வரிசை. மட்டாஞ்சேரியில் தமிழ் ஆராதனைக்கென்று இருப்பதே கைப்பிடி ஜனம், அதையும் இரண்டாக்கினோம். சற்று முன்புதான் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை கைக்குக் கை சமாதானம் கொடுத்திருந்தார்கள். கையைப் பிடித்தவர்கள்தான் வாய் வைக்கக் கூசினார்கள். எது நோய்ப் பயம், எது அருவருப்பு என்று ஒரு நர்ஸுக்கா தெரியாது?

அன்று வாசலில் தெரு கூட்டும் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க வாய் பட்டாத்தான் நோய் வருமா, அச்சா?"

"கொஞ்ச நாள் போகட்டும், மோளே" என்று நீங்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னீர்கள். கொஞ்ச நாளில் நீங்களே போய்ச் சேர்ந்தீர்கள், சண்டையை என் தலையில் கட்டிவிட்டு.

இன்று உங்கள் நினைவுத் திருவிருந்து. ஒரே வரிசை, ஒரே பாத்திரம் என்று போன வாரமே அறிவித்துவிட்டேன். நேற்று கமிட்டிக்காரர் போனில் பாய்ந்தார். "அக்கா வெச்ச வழக்கத்தை அவங்க நாள்லயே மாத்துறீங்களே, மனசாட்சி உண்டோ?" உங்கள் பெயர் எதற்கு உதவுகிறது, பார்த்தீர்களா?

பின் பெஞ்சிலிருந்து தெரு கூட்டும் குடும்பங்கள் வந்து முழங்காலிட்டு வாங்கினார்கள். உங்கள் மகளும் அவர்களோடு முழங்காலிட்டாள். முன் பெஞ்சில் கடைக்கார வீடுகள் எழவே இல்லை. நான் எல்லோருக்குமாக ஊற்றியிருந்தேன். ஜெபித்த ரசத்தைக் கொட்டக் கூடாது, மிச்சத்தைப் போதகர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் கிடந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க, அவர்கள் வேண்டாமென்ற பங்கை மடக்கு மடக்காகக் குடித்து முடித்தேன். தொண்டை இன்னும் எரிகிறது.

அடுத்த மாதமும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஊற்றுவேன், அக்கா. அவர்கள் எழுந்து வரும்வரை மிச்சம் முழுக்க என்னுடையது.