நைட்ரேட்டுக்கு மூன்று ஆக்சிஜன்

இன்று காலை தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைத் திறந்தபோது அந்த மருந்து வாசனை சுள்ளென்று மூக்கில் ஏறியது. உடனே நீ வந்துவிட்டாய். எப்போதும் எனக்கு ஓர் அடி முன்னால் வந்து நிற்பவள்தானே நீ. செத்த பிறகும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை.

ஊருக்குச் சில பெண்களைப் பிடித்துக் குடிநீரைச் சோதிக்கப் பழக்குகிறார்கள் என்று நம் இருவரையும் உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள். ஒரே வீட்டு மருமகள்கள். நான் மூத்தவள், பத்தாவதோடு நின்றவள். நீ இளையவள், பன்னிரண்டாவதில் சயின்ஸ் குரூப் எடுத்தவள். சொல்லிக்கொடுக்க வந்த மேடம் போர்டில் F⁻, Cl⁻, NO₃⁻, NO₂⁻ என்று எழுதிக்கொண்டே போனார். எனக்குக் கண்ணைக் கட்டியது. கடைசி இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, மடியில் கிடந்த மூன்று மாதக் குழந்தையைத் தட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "நைட்ரேட்டுக்கு ஆக்சிஜன் மூணு, நைட்ரைட்டுக்கு ரெண்டு மேடம். சார்ஜ் ரெண்டுக்கும் மைனஸ் ஒண்ணு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி என் தோளைத் தட்டி, "உன் ஓரகத்தி கெட்டிக்காரிதான், இன்னா?" என்றாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளிலிருந்து இட்லிப் பானை ஆவியில் நின்று முணுமுணுக்க ஆரம்பித்தேன். சல்பேட், எஸ்.ஓ.ஃபோர், ரெண்டு மைனஸ். கால்சியம், சி.ஏ., ரெண்டு பிளஸ். முட்டிக்கொண்டால் உன்னிடமே வந்து கேட்க வேண்டியிருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

"இரும்புக்கு ஏண்டி எஃப்.ஈ.?"

"லத்தீன்ல அதுக்கு ஃபெர்ரம்னு பேருக்கா."

"சரி, அம்மோனியம் மெட்டல் இல்லியே. அது ஏன் பிளஸ்ஸோட போய் நிக்குது?"

"அது மருமவ மாதிரிக்கா. பொறந்த எடம் ஒண்ணு, போய் நிக்கற கூட்டம் ஒண்ணு."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபம் வந்தது. இப்படியெல்லாம் பேச இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று அதற்கும் ஒரு பொறாமை.

அப்புறம்தான் நம் வீட்டு போர் தண்ணீரைச் சோதித்தோம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற போர்வெல். சோதனைக் குழாயில் மருந்தைப் போட்டுக் குலுக்கியதும் ரோஸ் நிறம் ஏறிக்கொண்டே போனது. வண்ண அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தைவிட அடர்த்தி. "இந்தத் தண்ணிய பாப்பாவுக்குப் பால்மாவுல கலக்கக் கூடாது அத்த" என்றாய். மாமியார் எகிறினாள். "நாங்கல்லாம் இதத்தானே குடிச்சிக்கினு கீறோம்? வந்து ரெண்டு வருசம் ஆவல, வூட்டுத் தண்ணிக்கே குத்தம் சொல்றியா?" உன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். நீ வாயடைத்து நின்றாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் பேசினேன். உன்மேல் இருந்த பாசத்தால் என்று பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சந்தர்ப்பத்தை விட எனக்கு மனசில்லை.

"அத்த, இதுல நைட்ரேட் கீது. என்.ஓ.த்ரீ. கைக்கொழந்த வயித்துக்குள்ள போனா அது நைட்ரைட்டா மாறும். ரத்தத்துல காத்து நிக்காது, ஒடம்பு நீலம் பாய்ஞ்சிடும்."

"கொதிக்க வெச்சா போவாதா?"

"கொதிச்சா கிருமிதான் சாவும். இது உப்பு மாதிரி கரைஞ்சி கீது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் ஜாஸ்தியாவும்."

மறுநாள் காலை தெருமுனை டேங்க் தண்ணீரை நாம் சோதித்து நல்லது என்றதும், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாரே கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் சாணி அள்ளும்போது நீ சொன்னாய்: "அதையே நான் சொன்னா வாயாடி. நீ சொன்னா வூடே கேக்குது. எனக்கு உன்மேல எவ்ளோ பொறாம தெரியுமாக்கா?"

பொறாமை என் ஒருத்தியின் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனோம். நீ திரும்பவில்லை.

இப்போது ஊரில் எல்லாக் குழாய்த் தண்ணீரையும் நான்தான் பார்க்கிறேன். போர்டில் எழுதிய அத்தனையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் உனக்குப் பதிலாகச் சோதனைக்குக் கூட வருகிறவள், "அவ இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பா" என்கிறாள். எரிகிறது. உன் மகள் உன் பழைய புடவையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறாள். பக்கத்திலேயே என் மடி இருக்கிறது. அதுவும் எரிகிறது.

நேற்று குளிப்பாட்டித் துவட்டும்போது என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "அம்மா" என்றாள். என்னைப் பார்த்து, முதல்முறையாக. நீ கேட்டிருந்தால் உனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அதை ருசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அவள் தலையைத் துடைத்தபடி, "அம்மா இல்லடி, பெரியம்மா. எங்க, சொல்லு" என்றேன்.

உன்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள ஆசைப்பட்டது எவ்வளவோ. இதை மட்டும் உனக்கே விட்டு வைத்திருக்கிறேன்.