கோயில் என்று வைத்திருந்த நம்பர்

உ
வேம்புலியம்மன் துணை

மண்ணூர்பேட்டை

சரணுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அது முறை, அதனால் கேட்டுவிட்டேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. நீ அனுப்பிய பார்சல் அட்டையைப் பார்த்து விலாசம் எழுதுகிறேன். பஸ் போர்டைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டவள்தானே, இங்கிலீஷ் கோணலாக இருந்தாலும் வந்து சேரும்.

ஆடியில் லீவுக்கு வந்தபோது புது போன் வாங்கிக் கொடுத்தாய், தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பழைய போனில் இருக்கும் பேரையெல்லாம் இதில் ஏற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு பேராக வாசித்து இது வேணுமா, அது வேணுமா என்று கேட்டாய். கேஸ்காரர், பால்காரம்மா, சீட்டு அனுசுயா எல்லாம் வேணும் என்றேன். கோயில் என்ற பேர் வந்ததும் கீழே இருந்த நம்பரை விரல் வைத்துப் பார்த்தாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, கோயிலுக்கு இன்னாத்துக்கும்மா போனு, நேரா போய் கும்புட்டுக்கினு வா என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி கூடச் சிரித்தேன். அது உன் தங்கை ஜோதிகாவின் நம்பர் என்று உனக்குத் தெரியும். அவள் முதலில் வேலைக்குப் போனபோது அந்த சிம்மை வாங்கிக் கொடுத்தவனே நீ. அவள் ஜஸ்டினைக் கட்டிக்கொண்டு போன பிறகு இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று நீயும் உங்கப்பாவும் சொன்னீர்கள், நானும் எடுக்கவில்லை. சாமி பேரில் வைத்தால் யாரும் கை வைக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் கோயில் என்று வைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டுவிட்டு பிராகாரத்தில் நின்று, மாசமாக இருக்கிறவளிடம் சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா என்று ரெண்டு வார்த்தை கேட்பேன். அது கூட உனக்குப் பொறுக்கவில்லையா?

நீ விமானம் ஏறின பிறகு வந்த வெள்ளிக்கிழமை போனில் தேடினேன். கோ என்று போட்டால் கோலமாவுக்காரர்தான் வருகிறார். பழைய போனைத்தான் மறுநாளே கடையில் விலைக்குப் போட்டுவிட்டாயே. அவள் வீடு எங்கே என்றும் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டால், சிலது ஏறாதும்மா என்று கூசாமல் சொன்னாய். அதோடு விட்டாயா, பேர் இல்லாத நம்பர் வந்தா எடுக்காத, பேங்க்குனு சொல்லி ஏமாத்துவானுங்க, கட் பண்ணிடு என்று புத்தி வேறு சொல்லியிருந்தாய். படித்த பிள்ளை சொல்கிறானே என்று கேட்டேன். ஒரு நம்பர் திரும்பத் திரும்ப வந்தது, நானும் திரும்பத் திரும்ப வெட்டினேன். அப்பா எடுத்துவிடுவார் என்ற பயத்தில் ஜோதிகா தானாகக் கூப்பிடுவதே இல்லை, எப்போதும் நான்தான் கூப்பிடுவேன், அதனால் அவளாக இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. பொழப்பத்தவன் எவனோ என்று அந்த நம்பரைத் திட்டிக்கூட இருக்கிறேன். பெற்ற மகளை.

போன வாரம் அகல்யா, ஜோதிகாவோடு எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்த்த பெண், காய்கறிக் கடையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னா ஆன்ட்டி, நீங்களும் அவ அப்பா, அண்ணன் மாரியே ஆய்ட்டீங்க, வலி எடுத்து ஆட்டோல போவசொல்லோ கூட உங்களுக்குத்தான் போன் அடிச்சிக்கினு இருந்தா, கட் பண்ணிக்கினே இருந்தீங்களாமே, பொண்ணு பொறந்துகீது, அதுவாவது தெரியுமா என்று எல்லார் எதிரிலும் கேட்டாள், நெமிலிச்சேரியில் அவள் வீட்டுக்கு வழியும் சொன்னாள். வாங்கின கீரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். டிவியை நிறுத்தினார், சட்டையை மாட்டினார், வாசலில் போய் நின்றுகொண்டு, இன்னும் இன்னா பாத்துக்கினு கீற, ரயில் போய்டும் என்றார். அவருக்கே மனசு இறங்கிவிட்டது சரண், உனக்குத்தான் இன்னும் வீறாப்பு.

நெமிலிச்சேரியில் இறங்கி, அகல்யா சொன்ன வழியில் விசாரித்துக்கொண்டு போனோம். என்னைப் பார்த்ததும் ஜோதிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ ஒருத்திதான் மிச்சம்னு நெனச்சிக்கினு இருந்தேன், நீயும் கட் பண்ணிட்டியேம்மா என்றாள். போனை நீட்டி, புதுசு மாற்றும்போது உன் நம்பர் போய்விட்டது என்றேன். யார் மாத்தினது என்று கேட்டாள். அண்ணனா என்று அவளே கேட்டுவிட்டு அழுதாள். உன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்லவில்லை, இனி சொல்லவும் மாட்டேன். குழந்தைக்கு உன் மூக்கு. அதைப் பார்த்தபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பால் கணக்கில் ஒரு பாக்கெட்டைக்கூட நான் விட்டதில்லை, பிரசவ அறை வாசலில் நான் நிற்காமல் போன நேரத்தை மட்டும் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

இப்போது ஜோதிகா என்றே பேர் போட்டு வைத்திருக்கிறேன், நானே எழுத்துக் கூட்டி அடித்தேன். குழந்தைக்குக் காது குத்த வேண்டும், அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும், ஜஸ்டினும் சரி என்று சொல்லிவிட்டான். உன் மஸ்கட் நம்பரை அவளிடம் கொடுத்திருக்கிறேன். உன் போனிலும் அவள் பேரை அழித்திருப்பாய், அதனால் பேர் இல்லாத நம்பராகத்தான் வரும். எடு. எடுத்துப் பேசு. நீ அவளிடம் பேசுகிறவரை எனக்குக் கூப்பிடாதே, சரண் என்று பேர் வந்தாலும் நான் கட் பண்ணுவேன்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன், குளித்துவிட்டு வைத்துக்கொள். அம்மன் உன்னை நன்றாக வைக்கட்டும், உனக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும். அந்த நம்பரை எடுக்க மறந்துவிடாதே.

ஜோதிகாவுக்கும் உனக்கும் அம்மா,
கமலம்