எட்டு மரை, பத்து மரை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உன் வலது கையைப் பற்றிக் கேட்காமல் எப்படி நலம் விசாரிப்பது? விரல் இரண்டும் இப்போதாவது மடங்குகிறதா?

அப்பாவுக்குக் காது மட்டும் மந்தம், மற்றபடி சுகம். பட்டறைக்குப் புதுக் கூரைத் தகடு போட்டாயிற்று. நீ கடைந்த மரக் கிண்ணங்களைக் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். இல்லையென்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

உன் பழைய லேத்தை விற்ற பிறகு, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் அதன் 'சக்'கை என் லேத்தில் மாட்ட ஓர் அடாப்டர் வளையம் வாங்கி வந்தேனே, அதை இரண்டு வருடமாகத் தூக்கிப் போடவும் முடியாமல், கையில் எடுக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். போன வாரம் இரும்புக் கடைசல்காரரைப் பட்டறைக்கே கூட்டி வந்து காட்டினேன். பல் வைத்த அளவுத் தகட்டை அதிலும், என் லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலிலும் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரு இன்ச் தடிமன்தான். ஆனா உங்க ஸ்பிண்டில்ல இன்ச்சுக்குப் பத்து மரை, இதுல எட்டு. ஒண்ணரைச் சுத்துக்கு மேல ஏறியிருக்காதே" என்றார். அடாப்டரின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இதை அரத்தால ராவினது? மரை கழண்டது இதுக்கா, அந்த ஆளுக்கா?" என்று சிரித்தார். நான்தான் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆமாம், நான்தான் ராவினேன். உனக்குத் தெரியாமல். அன்று நீ கேட்டாய், "அண்ணா, கடைசி வரைக்கும் போய் உட்காரலை, நடுவுல வெளிச்சம் தெரியுது" என்று. ஆர்டர் அவசரம். ஸ்பிண்டிலில் டேப்பைச் சுற்றி அடாப்டரை முறுக்கிவிட்டு, "அதெல்லாம் பிடிச்சுக்கும், தொணதொணக்காத" என்றேன். நீ நம்பி சுவிட்சைப் போட்டாய். கொஞ்ச நேரத்தில் சக் கழன்று, கிண்ணத்தோடு உன் மணிக்கட்டில் அடித்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளை என்ன ஆச்சு என்று கேட்டபோது, "அவ சரியா முடுக்கலை, எப்பவுமே அவசரம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அது உன் காதுக்கு வந்த பிறகும் நீ மறுக்கவில்லை. ஊரைவிட்டுப் போகும்போதுகூட "வரேண்ணா" என்றுதான் சொன்னாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கேட்பதற்காக மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் உரக்க. பக்கத்துக் கடைக்கெல்லாம் கேட்டிருக்கும். "அவகிட்ட சொன்னியா?" என்றார். அதன்பிறகு என் முகம் பார்த்துப் பேசவில்லை.

கடைசல்காரர் புதிதாக ஒன்று கடைந்து தந்தார். உள்ளே பத்து மரை, வெளியே உன் சக்குக்கு ஏற்றது. இடையில் ஒரு காகிதம்கூட நுழையாது. அரை நாள் வேலைதான் தங்கச்சி. அந்த அரை நாளை நான் உனக்குக் கொடுத்திருக்கலாம்.

அதில் வந்து கிண்ணம் கடைந்து கொடு என்று கேட்கமாட்டேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடு, அது போதும். உன்னை அவசரக்காரி என்று அவர் ஒரு நாளாவது நினைத்திருந்தால், அது என்னால் வந்தது. பதில் எழுதக் கை வலிக்குமென்றால் எழுதாதே. போன் பண்ணி, அன்றைக்கே திட்டியிருக்க வேண்டியதைத் திட்டு. நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

நன்றாக இரு.

அப்படிக் கூப்பிட இன்னும் உனக்கு மனமிருந்தால்,
உன் அண்ணன்