நான் வெட்டிய எட்டு வினாடி

ராத்தா,

நாளைய பரீட்சைக்குக் கவராயம் தேடிப் பென்சில் பெட்டியைக் கவிழ்த்தபோது உங்கள் காலர் மைக் விழுந்தது. கிளிப்பில் உங்கள் பச்சை முக்காட்டின் நூல் ஒன்று இன்னும் சிக்கியிருக்கிறது.

நோர்பரியில், கடைக்கு மேலிருந்த அறையில், சனிக்கிழமைகளில் எங்களுக்கெல்லாம் அக்காவாக இருந்து பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுப்பீர்கள். அதைப் போனில் பதிந்து ஒரு நிமிட வீடியோக்களாக வெளியிடுவது என் வேலை. வேலையை ஏற்றுக்கொண்டேனே தவிர எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நபியவர்கள் காலத்தில் இல்லாத வழியில் மார்க்கத்தைச் சொல்வதும் மார்க்கத்தில் புதிதாகப் புகுத்துவதுதானே, பித்அத்தானே? நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டேன்.

"நீ பஸ்ஸில வாறாயே, அதுவும் பித்அத்தாடி?" என்று சிரித்தீர்கள். "தொழுகையில ஒரு ரக்அத்தைக் கூட்டினா பித்அத். தொழக் கூப்பிட மைக் வச்சா, மைக் வெறும் சாமான்."

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பிறகு நோன்பு வந்தது. நோயாளி நோன்பை விடலாம் என்று விளக்கிவிட்டு, "எந்த நோய்க்கு எண்டு டொக்டரிட்டயும் மார்க்கம் படிச்ச ஆலிமிட்டயும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். அல்லாஹ்தான் நன்கறிந்தவன்" என்று முடித்தீர்கள். வீடியோ ஒரு நிமிடத்துக்குள் அடங்கவில்லை. அந்தக் கடைசி எட்டு வினாடியை வெட்டினேன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரான மோர்டனிலிருந்து ஒரு தாய் படியேறி வந்தார். "என்ட மகள் இருமல் மருந்தைக் காட்டி நோன்பை விடுறாள். கேட்டா உங்கட வீடியோவைக் காட்டுறாள்!" அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் சொன்னீர்கள்: "மைக்கைச் சந்தேகப்பட்டாய். நீ வெட்டினதைச் சந்தேகப்பட்டாயா? என்னை எல்லாம் தெரிஞ்சவளா ஆக்கிட்டாய். அதுதான்டி புதுசு."

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், நாலு மாதம். வகுப்பை இப்போது பார்த்துக்கொள்ளும் மாமி நேற்று எனக்குப் போன் எடுத்தார்.

"பதிவெல்லாம் தா மகள். நல்ல இடங்களை மட்டும் வெட்டிப் போடுவம். அதைப் பாத்து ஒருத்தர் நடந்தாலும் அவக்கு நன்மை போய்க்கொண்டே இருக்கும்."

"எது நல்ல இடம் எண்டு ஆர் பாக்கிறது மாமி?"

"நாங்கதான். நாப்பது நிமிஷத்தை ஆர் இருந்து பாக்கிறது?"

"முழுசா எண்டா தாறன். வெட்ட ஏலாது."

"மௌத்தான புள்ளைக்குப் போற நன்மையிலயும் உனக்குப் பொறாமையா?"

மாமி நல்லவர்தான். ஆனாலும் அவர் சொன்ன 'நல்ல இடங்கள்' என்ற வார்த்தையை என்னால் நம்ப முடியவில்லை. என்னையும் நம்ப முடியவில்லை. உங்கள் குரலை எனக்கென்று வைத்துக்கொள்ளத்தான் மார்க்கத்தைச் சாக்குச் சொல்கிறேனோ? உங்களுக்குச் சேர வேண்டியதை நானே தடுக்கிறேனோ?

அன்று வெட்டிய அந்த 'எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்' துண்டை நான் அழிக்கவேயில்லை, ராத்தா. இன்று காலை அதை மட்டும் மாமிக்கு அனுப்பினேன். 'ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் இதைப் போடுவதென்றால் மற்றதெல்லாம் தருகிறேன்.' இரண்டு நீல டிக் விழுந்துவிட்டன. மாமி பார்த்துவிட்டார், இனி அவர் முடிவு.

மைக்கைப் பென்சில் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். நூலை எடுக்கவில்லை. நாளை என்னோடு பரீட்சைக்கு வரும்.