தண்ணீர் ஊற்றிய கும்முட்டி

உன் மகன் சிட்னியிலிருந்து அனுப்பிய பெட்டி நேற்றுக் காலை வந்து சேர்ந்தது. அட்டையைக் கிழித்தவுடன் தெர்மோகோல் பொடி உதிர்ந்து வராந்தா முழுக்க ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக்கும் புதுப் பெயின்டும் கலந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு புது அடுப்பு. உன்னுடையதைப் போலவே பீங்கானில் செய்த முட்டை வடிவம், கரி போட்டு மூடிவைத்துச் சுடுகிற அதே வகைதான். ஆனால் இதன் நிறம் கண்ணைக் குத்துகிற சிவப்பு, காலில் சக்கரம், மூடியில் சூடு காட்டுகிற முள். கூடவே ஆறு மொழியில் ஒரு தடித்த புத்தகம். அடுப்புக்குப் போய்ப் புத்தகம்.

மூடியின் உட்புறம் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு வாளி, அதிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எச்சரிக்கை. அதைப் பார்த்து உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

நீ போய் ஒரு வருஷமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். அந்தப் படம் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அடுப்பில் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே ஃபிஜியில், நாந்தி டவுனில் உன் தையல் கடை இருந்தது. கடற்கரை ஹோட்டலில் சமையல் பார்த்த ஜப்பான்காரருக்கு நீதான் வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பாய். அவர் தன் ஊருக்குத் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல், பச்சை மெருகு பூசிய அந்த அடுப்பை உன் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நீ அதை வோட்டுவாலேவுக்குக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் வைத்தாய். நீ பிறந்து வளர்ந்த புலிலேகாவில் உங்கள் கரும்புத் தோட்டத்து வீட்டில் கரி அடுப்புக்குக் கும்முட்டி என்று பேர். அந்தப் பேரையே இதற்கும் வைத்துவிட்டாய். ஜப்பான்காரர் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நாம் இரண்டு பேரும் அதன் பக்கத்தில்தான். நான்கு வீடு தள்ளி இருந்த நான் பத்து மணிக்கே வந்துவிடுவேன். கொட்டாங்குச்சிக் கரி, மசாலா தடவிய வாலு என்கிற வஞ்சிர மீன், ஒரு பக்கம் வேர்ப்பொடியைக் கலக்கி வைத்த நங்கோனாப் பானம். நம் வாயில் கரியும் கறியும் ஒரே மாதிரிதான் வரும். ஒருமுறை நீ கரி கொண்டுவா என்று கத்த, உன் வீட்டுக்காரி ஆட்டுக்கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உங்க ரெண்டு பேருக்கும் தமிழ் வரலேன்னா இந்தியிலேயே பேசித் தொலையுங்க என்று திட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பு விஷயத்தில் உனக்கு ஒரே கட்டுப்பாடு. "மூடிய மூடு, கீழ துவாரத்த அடை, அது தானா அவிஞ்சிடும். மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆவும்" என்பாய். எரிகிற அடுப்பில் தண்ணீர் விடுவது உங்கள் வீட்டில் ஆகாது. ஒருமுறை மீன் கழுவின தண்ணீரை நான் அதன் பக்கத்தில் கொட்டியதற்கே முறைத்தாய்.

பிறகு எண்பத்தேழாம் வருஷம் வந்தது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை ராணுவக்காரர்கள் அரசாங்கத்தைக் கவிழ்த்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையையும் பிடுங்கிக்கொண்டார்கள். கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, விளையாடக் கூடாது, கூட்டமாக எங்கேயும் போய்ச் சாப்பிடக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் மீன் சுடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது. கேட்கப் போகவும் பயம். சர்ச்சுக்குப் போய் வணங்குகிற நாளென்று சொல்லி அடுத்தவன் அடுப்பை மோப்பம் பிடிக்கிற ஆட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. நீ மட்டும், "எங்க வூட்டு மாமரத்துக்குக் கீழ எவன் வந்து பாக்கப்போறான்" என்று அடுப்பைப் பற்றவைத்தாய்.

வந்தான். புகையைப் பார்த்துவிட்டு ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, சீருடை போட்ட ஒருவன் மட்டும் இறங்கி உள்ளே வந்தான். தோளில் துப்பாக்கி. நம்மையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தான். இந்த மண்ணின் பூர்வ மக்கள் பேசுகிற ஃபிஜியன் பாஷையில் என்னமோ சொன்னான். உனக்கு அந்தப் பாஷை தெரியாது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் அந்த ஆட்களோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். எனக்கு அவர்கள் பாஷை தண்ணி பட்ட பாடு என்று உன்னிடம் பீற்றிக்கொண்டவனும் நான்தான். அவன் சொல்லி முடித்த அடுத்த நொடி, குழாயடியில் இருந்த வாளியைத் தூக்கி அப்படியே கும்முட்டிக்குள் கவிழ்த்தேன்.

புஸ்ஸென்று ஆவி எழும்பி நம் முகத்தில் அடித்தது. அதற்குள்ளிருந்து டப்பென்று ஒரு சத்தம். சாம்பலும் மீனும் சேறாகக் குழைந்து மிதந்தன. அந்த நாற்றம் மூன்று நாள் என் சட்டையை விட்டுப் போகவில்லை. ஆவி கலைந்தபோது மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவன் இரண்டடி பின்னால் போய் என்னையே பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

நீ குனிந்து வெடிப்பைப் பார்த்தாய். பிறகு கேட்டாய்: "இன்னா சொன்னான்?"

"தண்ணி ஊத்தச் சொன்னான்."

இவ்வளவுதான் நான் சொன்ன பொய். அவன் சொன்னது சொங்கோத்தா. மூடு என்று அர்த்தம். எங்கள் சமையற்கூடத்தில் குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் காதில் விழுந்த வார்த்தை. மூடு, புகை ரோட்டுக்குத் தெரிகிறது, மீனை உள்ளே எடுத்துப் போய்ச் சாப்பிடுங்கள் என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். நீ எந்நேரமும் சொல்கிறதையேதான் அவனும் சொன்னான். எனக்குப் புரியாமல் இல்லை. துப்பாக்கியைப் பார்த்ததும் அவனுக்குப் பிடிக்கிற மாதிரி எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. கேட்டதற்கு மேல் பணிந்துகாட்டினேன். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது.

அன்று சாயங்காலமே நீ முடிவாகச் சொன்னாய். "அடுப்புல தண்ணி ஊத்த வெக்கிற ஊருல குடும்பம் இருக்கக் கூடாது. நான் கெளம்புறேன்." நான்கு மாதத்தில் சிட்னி. கும்முட்டியை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாய். நீ போகும் நாளில் நான் வேலை பார்த்த இடத்திலிருந்து விமான நிலைய வாசல் நூறு அடி தூரம். ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டு, தட்டுகளில் பன்னும் வெண்ணெயும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தட்டு உன் மடிக்கு வந்திருக்கும்.

அந்த மாதங்களே அருவருப்பான மாதங்கள். ஒரு வீட்டில் விசா வந்தது என்று தெரிந்தால் போதும், சனங்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போய், எதை மலிவாக வாங்கலாம் என்று திரைச்சீலையைத் தடவிப் பார்ப்பார்கள். போகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாமி படங்களைக் கோயில் மதிலோரம் சாத்திவிட்டு நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களையெல்லாம் வாய் ஓயாமல் ஏசினேன். ஏசிக்கொண்டே உன் அடுப்பைக் கம்பி போட்டு இறுக்கி, அதில் மீன் சுட்டுத் தின்றேன். இத்தனை வருஷமும் அதில்தான் சுட்டேன். என் பிள்ளைகளும் ஆக்லாந்து போய்விட்டார்கள், நானும் அதுவும்தான் பாக்கி.

பொய் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது வளர்ந்தது. நீ சிட்னியில் ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கதையைச் சொன்னாய். ரெண்டாயிரத்தில் மறுபடியும் இங்கே துப்பாக்கியோடு ஆட்சியைப் பிடித்தபோது போன் பண்ணி, "பாத்தியா, அன்னிக்கே தண்ணி ஊத்த வெச்சுக் காட்டினானுங்க" என்றாய். நான் ஆமாம் போட்டேன். உன் பதினாறாம் நாள் காரியத்தை வீடியோவில் காட்டினார்கள். உன் மகன் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொன்னான். அவன் சொன்னதில் மூன்று பேர் வந்தார்கள், அடுப்பை உதைத்தார்கள், உன் நெற்றியில் துப்பாக்கியை வைத்தார்கள். சொல்லி முடித்து, அங்கிளும் அங்கேதான் இருந்தார் என்று திரை வழியாக என்னைக் காட்டினான். நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். உண்மையாகவே அடிபட்டவர்கள், வீடு எரிக்கப்பட்டவர்கள் இந்தத் தீவில் எத்தனை பேர். அவர்கள் வரிசையில் நான் ஒரு போலி வெடிப்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

புது அடுப்பு சும்மா வரவில்லை. பழையதை அவன் கேட்டிருக்கிறான். சிட்னியில் அவர்கள் சங்கத்துக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்து, கீழே கதையை எழுதி மாட்டப்போகிறானாம். இன்று காலை பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைப் பெட்டியில் இறக்கப் பார்த்தேன். துருப்பிடித்த கம்பி அறுந்தது. கும்முட்டி இரண்டாகப் பிளந்து கவிழ்ந்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. உடனே உன் மகனுக்குப் போன் போட்டேன். உன் மகனுக்குத் தமிழ் "சாப்டியா"வோடு முடிந்துவிடும் என்பதால் இந்தியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, சொங்கோத்தா, பொய், எல்லாம்.  அவன், "கொய் பாத் நஹி, அங்கிள்" என்றான். பரவாயில்லையாம். பலகை எழுதி வந்துவிட்டதாம். அடுப்பு இரண்டாக உடைந்தது இன்னும் நல்லதுதான், பார்க்கிறவர்களுக்கு உறைக்கும், துண்டுகளையே அனுப்பிவிடுங்கள் என்றான். நான் அனுப்ப முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, உன் வீட்டுக்காரி போனை வாங்கினாள்.

"தம்பி, அவருக்குத் தெரியும்."

 அவளே சொன்னாள். "இங்க வந்த ரெண்டாம் வருசம். கூட வேல செஞ்ச ஃபிஜியன்கிட்ட அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருக்காரு. காதுல நின்னிருக்கு அது. வீட்டுக்கு வந்து சிரிச்சாரு. அப்புறம் சாப்பிடல."

"அப்ப ஏன் அண்ணி என்கிட்ட கேக்கல?"

"எப்படிக் கேப்பாரு. விசாவுக்கு எழுதிப்போட்டது அந்த ஞாயித்துக்கெழமைக்கு மூணு வாரம் முந்தியே. உங்ககிட்ட சொல்ல வெக்கம். ஓடிப்போறவங்கள நீங்க ஏசுவீங்களே. தம்பி ஊத்துன தண்ணி நமக்கு வசதியாப் போச்சுன்னு சொல்லுவாரு."

போனை வைத்துவிட்டேன். உனக்காக அழுவேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் உன்னை ஊரைவிட்டே துரத்திவிட்டேன் என்று இத்தனை வருஷம் மனசுக்குள் புழுங்கிக் கிடந்தேனே, நீ அதைத் தெரிந்துகொண்டே போனில் என்னை ஆமாம் போட வைத்தாய். அர்த்தம் தெரிந்த பிறகும் எந்த வாயால் அந்தக் கதையைக் கல்யாணம் கல்யாணமாகச் சொன்னாய். சீ. என்ன மனுஷர்கள் நாம். நீ போவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, எனக்கு என் பயத்தை மூட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பேசாமலே கூட்டுச் சேர்ந்து, பேர்கூடத் தெரியாத ஒருவன் தலையில் அதைக் கட்டிவிட்டோம். அவனுக்கு இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். சிட்னியில் ஒரு கூடத்தில் தன்னைப் பற்றிப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

துண்டுகளை அனுப்பப்போவதில்லை. புதியதையும் திருப்பி அனுப்பக் கட்டிவிட்டேன். உன் மகனுக்கு என்மேல் கோபம் வரட்டும்.

உன் வீட்டுக்காரியிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு வார்த்தையின் அர்த்தம் கிடைத்தது, ஆனால் ஒரு வார்த்தைதான் உன் காதில் நின்றிருக்கிறது. மூடி உள்ளே போகச் சொன்னதோடு அவன் நிறுத்தவில்லை. அடுப்பிலிருந்த மீனை எட்டிப் பார்த்தான், முகம் கொஞ்சம் இளகியது, "கானா வினாக்கா" என்றான். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். எந்த ஃபிஜியன் வீட்டைத் தாண்டிப் போனாலும் கேட்கிற வார்த்தைதான். அதைக் காதால் கேட்டு, அர்த்தமும் புரிந்த பிறகுதான் நான் வாளியைத் தூக்கினேன்.