கொக்குகள் பார்த்த பக்கம்

திருப்பனந்தாள்
6.9.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

அகிலாண்டம் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி. கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். நம் மேலவயலில் போன வாரம் எடுத்தது. கொக்குகள் படத்தில் நன்றாக விழுந்திருக்கின்றன. பத்திரிகைக்குப் படம் தேர்ந்தெடுக்கிறவர் நீங்கள். குறையை ஒளிக்காமல் சொல்லுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
அகிலாண்டம்

சென்னை
12.9.1970

அன்புத் தங்கைக்கு,

சும்மா சொல்லக்கூடாது, நன்றாக எடுத்திருக்கிறாய். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துப் போட்டிருக்கிறாய். வானம் பாதிக்குமேல் இருக்கிறது; குறைக்க வேண்டும். இடது ஓரத்தில் ஏர் ஓட்டுகிற ஆள் எதற்கு? கண் நேரே அவனிடம் போகிறது. அவனை வெட்டிவிட்டால் பதினொரு கொக்கும் சேறும் மட்டும் நிற்கும். தீபாவளி மலரில் போடப் பார்க்கிறேன். நெகட்டிவை அனுப்பு.

அண்ணன்,
துரைராசு

திருப்பனந்தாள்
20.9.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

நெகட்டிவ் இத்துடன் வருகிறது. வானத்தைக் குறையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆள் விஷயத்தில்தான் சண்டை. கொக்குகள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பதைக் கவனித்தீர்களா? ஏர் புரட்டுகிற மண்ணில் புழு வரும் என்று பார்க்கின்றன. ஏரை எடுத்துவிட்டால் பதினொன்றும் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி வெறுமனே முழித்துக்கொண்டு நிற்கும். அந்த ஆள் நம் குத்தகைக்காரர் வைரக்கண்ணு. உங்களுக்கு அடையாளம் தெரியாமலா போனது?

அகிலாண்டம்

திருப்பனந்தாள்
4.10.1970

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் இல்லை. இது அவசரம். குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லி வைரக்கண்ணு மனுக் கொடுத்திருக்கிறார். விசாரணையில் அப்பா, "அவன் அந்த வயல்ல ஏர் பூட்டுனதே இல்ல. எல்லாம் சொந்தப் பண்ணை" என்று சொல்லிவிட்டார். பதிவு ஆகாவிட்டால், பதினெட்டு வருஷம் உழுதவர் இனி வயலில் இறங்க முடியாது. நேற்று பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, அன்னிக்கி ஏரோட என்னையப் படம் புடிச்சீங்களே, அது இருக்குங்களா?" என்றார். என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. படம், நெகட்டிவ் இரண்டும் உங்களிடம்தான். அடுத்த விசாரணை 19ஆம் தேதி. வெட்டாமல் முழுதாக ஒன்று அனுப்புங்கள்.

அகிலாண்டம்

சென்னை
12.10.1970

அன்புத் தங்கைக்கு,

அப்பாவும் எழுதியிருந்தார். நெகட்டிவின் ஓரத்தைக் கத்தரித்துவிட்டேன்; நீ முதலில் அனுப்பிய படத்தையும்தான். படத்தின் நன்மைக்கு என்று வைத்துக்கொள். நிலம் கைவிட்டுப் போனால் உன் கல்யாணத்துக்கு எதைக் காட்டிப் பேசுவது? மலரில் வரப்போகும் படத்தின் பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே உன் பெயர் போடுகிறோம். கோபிக்காதே.

அண்ணன்,
துரைராசு

திருப்பனந்தாள்
21.10.1970

அண்ணனுக்கு,

பிரதி கிடைத்தது. அழகாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அப்பா எதிர் பெஞ்சில் இருந்தார். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல கொக்குதானேம்மா இருக்கு?" என்றார்.

"ஆமாங்க. ஏர் ஓட்டுனவரை என் அண்ணன் வெட்டிட்டாரு. படம் எடுத்தவ நான். அவர் உழுததைக் கண்ணால பார்த்தேன். எழுதிக்குங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். வைரக்கண்ணு பெயர் பதிவாகிவிடும் என்கிறார்கள். அப்பா என்னை வீட்டுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். ஞானாம்பாள் டீச்சருடன் தங்கியிருக்கிறேன். உங்கள் மேல் கோபம்தான், இல்லையென்று எழுத மாட்டேன்.

மலரில் என் பெயர் போட வேண்டாம். அது நான் எடுத்த படம் இல்லை.

அகிலாண்டம்